எவ்வளவு குடுக்குது?

கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இதுவரை ஒருவர்கூட என்னிடம் "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டதில்லை. பால்காரர், மேல்வீட்டுக்காரர், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர், எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "என்ன தம்பி, எவ்வளவு குடுக்குது?" ஏதோ நான் கறவை மாடு வாங்கிக் கட்டியிருப்பதுபோல.

வண்டி சிவப்பு ஸ்விஃப்ட். 1,197 சிசி, நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன். மொத்த எடையே 900 கிலோவை ஒட்டித்தான் என்பதால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். நான் வாங்கியது அந்தத் துள்ளலுக்காக. வீட்டில் சம்மதம் கிடைத்தது லிட்டருக்கு 23.2 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்த எண்ணுக்காக. ஒரே வண்டியை இரண்டு பேர் இரண்டு காரணத்துக்காக விரும்பினால் என்ன ஆகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இன்னொருவர் யார் என்றால் அப்பா. அரசு பஸ்ஸில் 31 வருடம் டிரைவர். பஸ் டிப்போவில் ஒவ்வொரு டிரைவருக்கும் கே.எம்.பி.எல். கணக்கு உண்டு, அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று. டீசலை மிச்சம் பிடித்ததற்காக அப்பாவுக்குக் கொடுத்த சான்றிதழ் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பட்டமளிப்புப் போட்டோவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. சரியாக ஒரு சாண் மேலே.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. டிவிஎஸ் 50 காலத்தில் ஆரம்பித்தது. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ஓட்டியவர் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நாலு பத்தி. கார் வந்த அன்றே அதற்கும் ஒரு பக்கம் திறந்துவிட்டார். "அதான் மீட்டர்லயே காட்டுதேப்பா" என்றேன். "அது கம்பெனிக்காரன் மீட்டர். தன் புள்ளைய எவன் குறைச்சுச் சொல்லுவான்?" என்றார்.

ஆகவே எங்கள் வீட்டில் பெட்ரோல் போடுவது ஒரு சடங்கு. எப்போதும் அதே பங்க், அதே பம்ப். டேங்க்கை நிரப்பச் சொல்லிவிட்டு அப்பா இறங்கி நாஸிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். டக் என்று ஆட்டோ கட் ஆனதும் "போதும், எடுத்துரு" என்பார். பையன் பழக்கதோஷத்தில், "சார், ரவுண்டா ரெண்டாயிரத்துக்குப் போட்டுடறேன்" என்று இன்னொரு அமுக்கு அமுக்கப் போவான். அந்தக் கையை அப்பா பிடித்துக்கொள்வார். நிஜமாகவே மணிக்கட்டைப் பிடிப்பார். போன தடவை எந்தச் சத்தத்தில் நிறுத்தினோமோ அதே சத்தத்தில் இந்தத் தடவையும் நிறுத்தினால்தான் கணக்கு நிற்கும். 1,943 ரூபாய்க்குச் சில்லறை தேடும் வேலை என்னுடையது.

இந்த முறையில் ஊருக்குள் வந்த எண் 14.8. அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த 23.2 சோதனைக்கூடத்தில் உருளைமேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுப்பது என்று நான் விளக்கினேன். அங்கே எங்கள் சேலத்து அஞ்சு ரோடு நெரிசல் கிடையாது, குறுக்கே எருமை வராது என்றும் சொல்லிப் பார்த்தேன். அப்பா நோட்டில் 'ஓட்டியவர்' என்ற பத்தியில் என் பெயரை எழுதிவிட்டு மூடினார்.

இந்த நிலைமையில்தான் போன வருடம் கொல்லிமலைக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. அறப்பளீஸ்வரருக்குப் பாட்டியின் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. அப்பா, பாட்டி, என் மனைவி, மாமா, நான் என ஐந்து பேர். காரவள்ளியில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்த வண்டியை நான் வாங்கியதே இப்படி ஒரு ரோட்டுக்காகத்தானே.

கிளம்பும்போதே ஒரு தடங்கல். இந்த மாடலில் பின்கதவுக் கைப்பிடியைக் கதவின் நடுவில் வைக்காமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் மேலே கறுப்புப் பகுதியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தெரிய வேண்டுமாம். தெரிகிறதுதான். பாட்டிக்கும் அப்படியே தெரிந்துவிட்டது. 87 வயது, புதுப் புடவை, கையில் மஞ்சள் பை. கதவை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவு தடவினார். கிடைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே ஆள் இருந்தால்தானே திறப்பதற்கு. அப்புறம் முன்கதவைத் திறந்து, சீட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த நாலு விரல் சந்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எப்படி சாமி நான் பூர்றது?" என்றார்.

நான் ஓடி வந்து மேலே கையை விட்டுப் பின்கதவைத் திறந்தேன். பாட்டி அந்தக் கைப்பிடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கதவு இருக்கறது வெளிய தெரிஞ்சா யாருக்கு என்ன கண்ணு நட்டம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 2024-இல் வந்த புது ஸ்விஃப்டில் கைப்பிடியைப் பழையபடி கதவின் நடுவுக்கே இறக்கிவிட்டார்கள். தான் சொன்னது கம்பெனி வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பாட்டி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகப் போனோம். 80-ஐத் தாண்டினால் அப்பா தொண்டையைக் கனைப்பார், 75-க்கு வந்தால் கனைப்பு நிற்கும். காரவள்ளியில் மீட்டர் 19.6 காட்டியது. ஐந்து பேர், ஏசி எல்லாம் சேர்த்து. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். "மலை இனிமேத்தான் இருக்கு" என்றார் அப்பா.

முதல் பத்து வளைவு சொர்க்கம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது. செகண்ட் கியரில் இன்ஜின் பாடுகிறது. பாட்டி அறப்பளீஸ்வரரைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். எதிரே இறங்கி வந்த ஜீப்காரர் வழிவிடாமல் நெருக்கினார். "மலையில ஏறுறவனுக்குத்தான்டா முதல் வழி, எந்த ஊர்ல லைசென்ஸ் எடுத்தவன்?" என்று அப்பா கண்ணாடியை இறக்கி அவரிடம் விசாரித்தார்.

முப்பதாவது வளைவுப் பலகை தாண்டியதும் விஷயம் மாறியது. ஏற்றம் செங்குத்து, வண்டியில் முழு ஆள். செகண்டிலேயே இழுத்துவிடலாம் என்று வீம்பாக மிதித்தேன். கடகட என்று ஒரு நடுக்கம். "வண்டி இருமுது பாரு. ஃபர்ஸ்ட் போடு. ஏசியை அணை" என்றார் அப்பா. போட்டேன், அணைத்தேன். ஜன்னல்களை இறக்கினோம். தொண்ணூறு குதிரையும் மூச்சு வாங்கிக்கொண்டு பத்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தன.

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் அரசு பஸ். மேற்கூரையில் வாழைத்தார் கட்டுவதற்கான காலி மூங்கில் கூடைகள், படியில் இரண்டு பேர். ஒதுங்கச் சொல்லி இன்னொரு ஹாரன். அடுத்த வளைவில் இடதுபக்கம் அணைத்து நிறுத்தினேன். அந்த நீள பஸ் ஒரே ஒடிப்பில், ரிவர்ஸ் எடுக்காமல், வளைவைச் சுற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. படியில் நின்ற ஆள் என் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துக் கையாட்டினார்.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. "ஒடிச்சான் பாரு! அதான்டா டிரைவர்!" என்று ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிச் சல்யூட் அடித்தார். மிச்சம் இருந்த வளைவு முழுவதும் அந்த பஸ்ஸின் புகையை முகர்ந்தபடி ஏறினோம். மலைமேல் செம்மேட்டில் மீட்டர் 13.9-இல் வந்து நின்றது.

கோயிலில் நல்ல தரிசனம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுத்துவிட்டது. சாப்பிட்டு, மிளகும் பலாப்பழமும் வாங்கி ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அப்பா கையை நீட்டினார்.

"சாவியைக் குடு. இறக்கத்துல நான் ஓட்டறேன்."

மலைப்பாதையில் அவரைவிட நல்ல டிரைவர் எங்கள் குடும்பத்தில் இல்லை என்பதால் கொடுத்தேன். சீட்டை முன்னால் இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தவர், "அந்த மீட்டரை ஜீரோ பண்ணு" என்றார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வளைவு இறங்கியதும் பின்சீட்டில் இருந்து மாமா, "மச்சான், நியூட்ரல்ல விடுங்க. சொட்டு பெட்ரோல் செலவாகாம அடிவாரம் போயிடலாம்" என்றார். அப்பா ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, எந்தக் கியர்ல ஏறுனமோ அந்தக் கியர்லதான் இறங்கணும். நியூட்ரல்ல விட்டா மொத்த வண்டியும் பிரேக் மேல உக்காரும். பிரேக் சூடாயிருச்சுன்னா நீ அடிவாரத்துக்குச் சீக்கிரமாவே போயிடுவ."

மாமா சொன்னதிலும் அந்தக் காலத்து நியாயம் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகளில் நியூட்ரலில் உருட்டியவர்கள் மிச்சம் பிடித்தார்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்குக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். இதை நான் வாய்விட்டு வேறு சொல்லித் தொலைத்தேன். "அப்ப இறங்குறது ஓசியா?" என்று அப்பா கேட்ட தொனியில் ஒரு மனிதருக்குப் புதையல் கிடைத்த சத்தம் இருந்தது.

எழுபது வளைவையும் செகண்டிலும் ஃபர்ஸ்டிலுமாக, பாட்டி தூங்கிப் போகும் அளவுக்கு அலுங்காமல் இறக்கினார். சேலம்வரை அவரே ஓட்டினார். வீட்டு வாசலில் மீட்டர் 25.9.

விளம்பர எண்ணையே தாண்டிவிட்டார். இன்ஜினை அணைக்காமல் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "அது மலை இறக்கம்பா" என்றேன். கேட்டதாகவே தெரியவில்லை. கம்பெனிக்காரன் மீட்டர் அன்று மட்டும் சத்தியவந்தன் ஆகிவிட்டது. நோட்டில் இரண்டு வரி ஏறின. ஓட்டியவர்: மகன், 13.9. ஓட்டியவர்: நான், 25.9. ஏற்றம், இறக்கம் என்று எழுத அந்த நோட்டில் பத்தி கிடையாது.

மறுநாள் காலை மேல்வீட்டுக்காரர் வழக்கம்போல, "எவ்வளவு சார் குடுக்குது?" என்று கேட்டார். அப்பா உள்ளே போய் நோட்டையே எடுத்து வந்துவிட்டார்.

இப்போது அவருடைய வாக்கிங் நண்பர்கள் மூன்று பேருக்கு ஆசை வந்திருக்கிறது. ஆடி மாதம் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவைப் பார்க்க வேண்டுமாம், அதுவும் எங்கள் காரிலேயே. "நாலு பேரும் நீங்களே போயிட்டு வாங்கப்பா, எனக்கு ஆபீஸ் இருக்கு" என்றேன்.

"ஏத்தத்துக்கு மட்டும் நீ வாடா" என்றார். "வரும்போது பஸ்ல வந்துரு."