ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஒரு சேவையை இறக்குதல்

தொலைபேசி நிலையங்களிலிருந்து வரும் எச்சரிக்கைச் செய்திகளையும் போக்குவரத்துக் கணக்குகளையும் வாங்கிச் சேமிக்கும் சர்வர் ஒன்றை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஒவ்வொரு தயாரிப்பாளரின் கருவியும் தனக்கென்று ஒரு நெறிமுறை வைத்திருக்கும். தொடக்கத்தில் அத்தனை நெறிமுறைகளும் ஒரே நிரலுக்குள் கட்டப்பட்டிருந்ததால், ஒன்றில் சிறு பிழையைத் திருத்தினாலும் முழு சர்வரையும் நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்தது. நிறுத்தியதும் ஏறத்தாழ 400 இணைப்புகள் அறும். தொடங்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து முட்டும். அந்த நெரிசல் அடங்கும் வரை வந்து சேராமல் போன எச்சரிக்கைகளுக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சர்வரை நிறுத்தாமல், ஒரு நெறிமுறையைக் கையாளும் சேவையை மட்டும் மாற்றும் எண்ணம் பழையது. 1986இல் வெளியான 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தில் இருந்த ஐநெட்டி என்ற நிரல், எந்த நெட்வொர்க் போர்ட்டுக்கு எந்த நிரல் என்பதை ஓர் உரைக்கோப்பில் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஹேங்கப் சிக்னல் என்ற சைகை வந்தால் அந்தக் கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும். ஆனால் ஐநெட்டி இத்தகைய சேவைகளைத் தனித்தனி செயல்முறைகளாக, அதாவது தனி நினைவகத்தோடு ஓடும் நிரல்களாகப் பிறப்பித்துவிடுவதால், நினைவகத்திலுள்ள நிலவரத்தைச் சேவைகள் பகிர்ந்துகொள்ள வேண்டிய எங்கள் சர்வருக்கு அது பொருந்தவில்லை. எங்களுக்கு வழி காட்டியது ஏஸ். டக்ளஸ் ஷ்மிட் 1990களில் முதலில் கலிஃபோர்னியாவின் இர்வைனிலும் பிறகு செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் வளர்த்தெடுத்த கட்டமைப்பு அது. அதில் சர்வீஸ் கான்ஃபிகரேட்டர் என்ற வடிவத்தில் ஒவ்வொரு சேவையும் ஒரே அடிப்படை கிளாஸிலிருந்து பிறந்து, இனிட், ஃபினி, சஸ்பெண்ட், ரெஸ்யூம், இன்ஃபோ என்ற ஐந்து செயல்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த லைப்ரரியில், அதாவது ஓடும்போதே ஏற்றக்கூடிய எந்த நிரல்கோப்பில், எந்தச் சேவை இருக்கிறது, அதற்கு என்ன அளவுருக்கள் என்பதை அமைப்புக் கோப்பின் ஒரு வரி சொல்லிவிடும். சர்வரின் மைய நிரலுக்குச் சேவையின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

ஏற்றும் பகுதியை முடிக்க எங்களுக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று. இயங்குதளம் தரும் டிஎல்ஓபன் கொண்டு லைப்ரரியைத் திறந்து, டிஎல்சிம் கொண்டு ஆப்ஜெக்டை உருவாக்கும் செயற்கூற்றைத் தேடிப்பிடித்து அழைத்தால் போதும். அந்த ஒரு செயற்கூற்றை மட்டும் சி மொழியின் பெயரிடும் முறையில் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் பெயரைத் திரித்து வைத்துவிடும், தேடினால் கிடைக்காது. திறக்கும்போதே எல்லாப் பெயர்களையும் தீர்த்துவிடும்படி (அவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்படி) கேட்பதும் அவசியம். சோம்பலாகத் தீர்க்க விட்டால், விடுபட்ட ஒரு செயற்கூறு ஏற்றும்போது தெரியாமல், யாரோ அதை முதன்முறை அழைக்கும் நள்ளிரவில் சர்வரைச் சாய்க்கும்.

சேவையை நினைவகத்திலிருந்து இறக்குவதுதான் எங்களை ஆறு மாதம் அலைக்கழித்தது. ஃபினி ஒழுங்காக முடியும், லைப்ரரி மூடப்படும், பதிவுக்கோப்பில் வெற்றி என்று வரி விழும். முப்பது வினாடி கழித்து சர்வர் விழுந்துவிடும். விழுந்த கணத்தின் நினைவகப் பதிவான கோர் கோப்பை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்தால், விழுந்த இடம் வரும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையாளும் எங்கள் நிகழ்வுச் சுழலுக்குள், பல ஆண்டுகளாக யாரும் தொடாத ஒரு வரியில் இருக்கும். நானும் ஒரு தோழரும் மாலை முழுவதும் அந்த வரி அழைக்க முயன்ற இணைப்பு ஆப்ஜெக்டின் நினைவகத்தைப் பைட் பைட்டாகப் படித்தோம். இணைப்பு எண் சரி, செய்திகளின் எண்ணிக்கை சரி, கடைசியாகப் பேசிய நேரமும் சரி. தொடக்கத்திலிருந்த எட்டு பைட்டுகள் மட்டும், எந்தச் செயற்கூறு எங்கே என்று சொல்லும் விர்ச்சுவல் செயற்கூறுகளின் அட்டவணையைச் சுட்டும் முகவரி, நினைவகப் பகுதிகளின் பட்டியலில் எங்குமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டியது. ஆப்ஜெக்ட் ஹீப் என்ற பொது நினைவகத்தில் உயிரோடு இருந்தது; அதன் அட்டவணையும் அதன் நிரலும் லைப்ரரியோடு போய்விட்டிருந்தன. சேவை தன்னை முடித்துக்கொண்டபோது, ஓர் இணைப்புக்காகப் பதிந்துவைத்த முப்பது வினாடி டைமரை விலக்க மறந்திருந்தது.

டைமரை விலக்கும் வரியைச் சேர்த்து அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அடுத்த சேவையை எழுதுபவரும் அதே இடத்தில் மறப்பார் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆகவே ஒவ்வொரு இணைப்பு ஆப்ஜெக்டும் தன் லைப்ரரியின்மேல் ஓர் எண்ணிக்கையைப் பிடித்திருக்கும்படியும், அந்த எண்ணிக்கை பூஜ்யமான பிறகே, அதுவும் நிகழ்வுச் சுழலின் சுற்று முடிவில் மைய நிரலே லைப்ரரியை மூடும் டிஎல்குளோஸை அழைக்கும்படியும் மாற்றினோம். லைப்ரரிக்குள் ஓடும் நிரலே அந்த லைப்ரரியை மூடினால் திரும்பிவர இடம் இருக்காது. இணையாக ஓடும் வேலைகளான த்ரெட்களுக்கும் இதே விதிதான்: சேவை தொடங்கிய ஒவ்வொரு த்ரெட்டும் முடிந்து சேர்ந்த பின்னரே ஃபினி திரும்ப வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒருநாள் இயக்கப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. “சார், புது லைப்ரரியைப் போட்டுட்டேன், சிக்னலும் அனுப்பிட்டேன், ஆனா பழைய வெர்ஷன்தான் ஓடுது.” அவர் சொன்னது உண்மை. அந்த லைப்ரரியில், டெம்ப்ளேட் என்ற பொது வார்ப்பு நிரலுக்குள், அழைப்பு முடிந்தாலும் நிலைத்திருக்கும் ஸ்டாட்டிக் மாறி ஒன்று இருந்தது. லினக்ஸில் ஜி பிளஸ் பிளஸ் கம்பைலர் அத்தகைய மாறிகளை, செயல்முறை முழுவதற்கும் ஒன்றே இருக்க வேண்டியவை என்று குறித்துவைக்கும்; அந்தக் குறி உள்ள லைப்ரரி, டிஎல்குளோஸை அழைத்தாலும் இறங்காது. பிழைச் செய்தியும் வராது. கம்பைலருக்கு ஒரு விருப்பத்தைச் சேர்த்து அந்தக் குறியை நீக்கினோம். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் சேர்த்தோம். பழைய கோப்பின்மேல் நகலெடுக்கும் வழக்கத்தையும் அன்றோடு விட்டோம். ஓடும் செயல்முறை அதே கோப்பைத்தான் நினைவகத்தில் விரித்து வைத்திருக்கிறது என்பதால், மேலெழுதினால் அதன் காலடி நிரலே மாறிப்போகும்.

அந்த ஐந்து செயல்களில் எனக்கு மிகவும் பிடித்தது சஸ்பெண்ட். நெறிமுறையில் சந்தேகம் வந்தால் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துச் சிக்னல் அனுப்பினால் போதும்; இணைப்புகள் அறாமல் படிப்பது மட்டும் நிற்கும், மறுமுனை தன் சாக்கெட் (இணைப்பின் முனை) நிரம்பிக் காத்திருக்கும். அந்தச் சில நிமிடங்களில் நிதானமாக யோசிக்க முடிந்தது. ஆனால் சிக்னலைக் கையாளும் செயற்கூற்றில் சிக்னல் வந்ததைக் குறிக்கும் கொடி ஒன்றை ஏற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. கோப்பைப் படிப்பது சுழலின் வேலை.

கடைசியாக ஓர் இரவுச் சோதனை வைத்தோம். ஒவ்வொரு சேவையையும் 1000 முறை ஏற்றி இறக்கி, திறந்திருக்கும் கோப்புகளின் (சாக்கெட்டுகளும் இதில் அடங்கும்) எண்ணிக்கையை முன்னும் பின்னும் ஒப்பிடுவோம். முதல் இரவில் நான் எழுதிய சேவையிலேயே 1000 சாக்கெட்டுகள் மூடப்படாமல் கிடந்தன, சுற்றுக்கு ஒன்று.