பேசுறது பாட்டி, எழுதுறது நீ

இங்கே ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நம் மலர் இதழ்க் குழுவினர் பள்ளி நாள்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். விளையாட்டுப் போட்டி, பிரம்படி, பாக்கெட்டுப் பால் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுதப் படிக்கக் கற்ற கதையைச் சொல்கிறேன்.

1983-இல் ஆண்டு ஒன்றில் சேர்ந்த கூட்டம் நாங்கள். கேபிஎஸ்ஆர் என்ற புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் மலேசியா முழுவதும் வந்தது அந்த ஆண்டுதான். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் முதலில் கைக்கு வரவேண்டும் என்பது அதன் நோக்கம். பின்தங்கியவர்களுக்குக் குறைநீக்கல், முந்துகிறவர்களுக்கு வளப்படுத்தல் என்றெல்லாம் அதில் இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்த எங்கள் டீச்சருக்கு இது ஆகிற காரியமா என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டில்கூடப் பேசிக்கொண்டார்களாம். டீச்சர் சீனக் கடை நாள்காட்டித் தாள்களைச் சேர்த்து, பின்பக்கம் எழுதி, மைலோ பெட்டி அட்டையில் ஒட்டிச் சொல்லட்டைகள் செய்துகொண்டார். வேலை நடந்தது.

முதலில் ட, ப, ம. கோடு கிழிக்கத் தெரிந்த கைக்கு அவை சுலபம். அந்த மூன்றோடு புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மட்டம் என்று உடனே வாசிக்கலாம். 247 எழுத்தையும் ஒப்பித்த பிறகுதான் சொல் என்றிருந்தால் எங்களில் பாதிப் பேர் பால்மரக் காட்டுக்குள் ஓடியிருப்போம்.

ல, ள, ழ மூன்றும் எங்கள் வாயில் ஒன்றுதான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மழையும் 'மள', பழமும் 'பளம்'. டீச்சர் அதற்குப் புத்தகத்தைத் தேடவில்லை. பால், வாளி, உளி, மழை என்று கரும்பலகையில் எழுதினார். எல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்கள். "மழை பெஞ்சா உங்கப்பாவுக்குப் பால்மரம் வெட்டுற வேல உண்டா?" என்று கேட்பார். "இல்ல டீச்சர்." "வேலையையே நிறுத்துற எழுத்து. அதான் நாக்க மடிச்சுச் சொல்லணும்." இலக்கணத்தில் இப்படி ஒரு விதி கிடையாதுதான். ஆனால் எனக்கு இன்றுவரை அந்த ழ தப்பியதில்லை.

மாதிரிக் கட்டுரைகள் அவருக்கு ஆகவே ஆகாது. நான்காம் ஆண்டில் 'காலைக் காட்சி' எழுதச் சொன்னார். "கதிரவன் தன் செங்கதிர்களைப் பரப்பி" என்று பாதி வகுப்பு ஆரம்பித்திருந்தது. ஒரே பயிற்சி நூலிலிருந்து வந்த சூரியன். டீச்சர் நோட்டுகளை மூடிவைத்துவிட்டு, "உங்க வீட்டுல எத்தன மணிக்கு எழுந்திரிப்பாங்க?" என்றார். அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும்போது இருட்டாக இருக்கும். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், கதிரவன் கதிரைப் பரப்புவதற்குள் பல மரங்களில் பால் வெட்டி முடிந்திருக்கும். அதை எழுதச் சொன்னார். மண்ணெண்ணெய் வாடை, நெற்றி விளக்கு, தம்பியை ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனது என்று அன்றைக்கு முதல்முறையாகப் பக்கம் போதவில்லை.

கடிதப் பாடம் வந்தபோது, "வீட்டுல பெரியவங்க யாராச்சும் சொல்லச் சொல்ல எழுதிட்டு வாங்க" என்றார். எங்கள் பாட்டிக்கு ஊரில், புதுக்கோட்டைப் பக்கம், ஒரு தம்பி. பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தது. "கெணத்து மேட்டு நெலத்த என்ன பண்ணுனான்னு கேளு. ரெண்டு கடுதாசி போட்டும் வாயத் தொறக்கல." நானும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

டீச்சர் எழுத்துப் பிழையைப் பார்க்கவில்லை. "இத யாரு படிப்பா?" என்றார். "சின்னத் தாத்தா." "அவரு படிக்கையில 'அவன்' யாரு?" நான் முழித்தேன். அப்புறம் புரிந்தது. 'அவன்' என்று இருந்த இடமெல்லாம் 'நீ' ஆகவேண்டும். ஆனால் தாத்தாவை எப்படி 'நீ' என்று எழுதுவது? உதை விழாதா? "பேசுறது பாட்டி, எழுதுறது நீ. அவங்க அக்கா, அவங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றார். "கிணற்று மேட்டு நிலத்தை என்ன செய்தாய்?" என்று திருத்தி எழுதி வாசித்தபோது, பாட்டியின் குரலே கேட்ட மாதிரி இருந்தது. வீட்டில் அதை வான்கடிதத் தாளில் பொடி எழுத்தாக நகலெடுத்து அனுப்பினோம். பதில் வந்தது, நிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல்! அதற்குப் பிறகு எங்கள் லயத்துக்கே கடிதம் எழுதுகிற ஆள் நான்தான். கூலியாக முறுக்கு கிடைக்கும்.

1988-இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான யூபிஎஸ்ஆர் சோதனை முதன்முதலாக நடந்தபோது அதை எழுதியதும் எங்கள் கூட்டம்தான். அப்புறம் இடைநிலைப் படிப்புக்கு முன் ஓராண்டுப் புகுமுக வகுப்பு, டவுன் இடைநிலைப்பள்ளி, எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தச் சோதனையையும் 2021-இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. செங்கதிர்க் கட்டுரைகளை வளர்த்துவிட்டதில் அதற்கும் பங்குண்டு.

இங்கே பெர்த்தில் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் அதே கதிரவன் இப்போது எட்டிப் பார்க்கிறான், இணையத்திலிருந்து. ஆகவே அடுத்த மலரின் சிறுவர் பக்கத்துக்குப் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளிக் கட்டுரை வேண்டாம். பிள்ளையைப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ போன் போடச் சொல்லுங்கள். அவர்கள் ஊரில் யாரையாவது திட்ட நினைத்தால் அதையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்த நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். பெயர்களை மட்டும் மாற்றிவிடுவோம்.