ஜே.ஆருக்கு ஒரு கைதட்டு

ஆசிரியர் குழு ஒண்டோட ஜப்பானுக்குப் போறதுக்கு ஒரு கிழமை இருக்கேக்க கொழும்புக்குக் கூப்பிட்டு பிரீஃபிங் ஒண்டு வைச்சவை. பாஸ்போட், குளிர் உடுப்பு, மருந்து எல்லாம் சொல்லி முடிச்சு கடைசியில, அங்க போய் அரசியல் கதைக்காதீங்கோ, யுத்தத்தைப் பற்றி ஆரும் கேட்டா இப்ப எல்லாரும் ஒற்றுமையா இருக்கிறம் எண்டு சொல்லிப்போட்டுச் சிரியுங்கோ எண்டவை. நான் கொப்பியில "சிரி" எண்டு எழுதியும் வைச்சனான்.

பன்ரண்டு பேர் போனம். திருகோணமலையில இருந்து நானும் கிண்ணியா சேர் ஒராளும், மிச்சம் எல்லாரும் சிங்கள ஆசிரியர்மார். என்ர அறையில குருநாகல் மிஸ் ஒரு ஆள், நல்ல மனுசி, அவவுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் அரைகுறை, அதால ரெண்டு பேரும் கனக்கக் கதைக்காமலே நல்ல ஒட்டு.

முதல் நாலு நாளும் பிரச்சினை இல்ல. பள்ளிக்கூடத்தில பிள்ளைகள் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு தாங்களே மத்தியானச் சாப்பாடு பரிமாறுதுகள், பாக்க ஆசையா இருக்கும். சாப்பாட்டில ஒண்டுக்கு மேல மரச்சீவல் மாதிரித் தூவியிருந்தது, வாயில வைச்சா எங்கட மாசிக் கருவாடு! கட்சுவோபுஷி எண்டு சொல்லுறாங்கள், அதே சூரை மீன் தான். கிண்ணியா சேர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினார்.

அஞ்சாம் நாள் இரவு விருந்து. வயசான ஆசிரியர் ஒராள் எழும்பி, உங்கட நாட்டுக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறம் எண்டு தொடங்கினார். 1951 செப்டெம்பரில, யுத்தத்தில தோத்த ஜப்பானோட சமாதான ஒப்பந்தம் செய்த சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில, அப்ப நிதி மந்திரியா இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா, பகை பகையால தணியாது அன்பால தான் தணியும் எண்ட புத்தர் வாக்கைச் சொல்லி, இலங்கைக்கு நட்டஈடு வேண்டாம் எண்டவராம். காமகுராவில பெரிய புத்தர் இருக்கிற கோயிலில 1991 இல அவருக்கு நினைவுக்கல்லும் வைச்சிருக்கினமாம். சொல்லி முடிச்சு எங்கள எல்லாரையும் பாத்துக் குனிஞ்சு வணங்கினார், மனுசன்ர கண் கலங்கியிருந்தது.

எல்லாரும் கைதட்டினவை. எனக்குக் கை எழும்பேல்ல. நான் அறிஞ்ச ஜே.ஆர், தமிழருக்கு எதிரா கலவரம் நடந்த 83 ஜூலையில ஜனாதிபதியா இருந்தவர், நாலு நாள் நாடு எரிஞ்ச பிறகு ரீவியில வந்து கதைச்சவர், அந்தக் கதையிலயும் எங்களுக்கு ஒரு ஆறுதல் சொல் இல்ல. கிண்ணியா சேர் மேசைக்குக் கீழால காலைத் தட்டினார். நானும் ரெண்டு தட்டுத் தட்டினன்.

பிறகு ஆளாளுக்கு ஏதாவது சொல்லுங்கோ எண்டு மைக் வந்துது. என்ன வாயோ தெரியேல்ல, 1942 ஏப்ரல் 9 இல உங்கட விமானங்கள் எங்கட ஊரில குண்டு போட்டது, சீனக்குடாவில ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியில மோதி அது நாள்கணக்கா எரிஞ்சது, அந்தத் தாங்கியின்ர மிச்சம் இப்பவும் கிடக்குது, எங்கட அம்மம்மா அந்தச் சத்தத்தைச் சாகும்வரைக்கும் சொன்னவா எண்டு சொல்லிப்போட்டன். மொழிபெயர்க்கிற பிள்ளை ஒருக்கா என்னைப் பாத்திட்டுத் தான் சொன்னது. கொழும்புக்குக் குண்டு போட்டது அந்தாளுக்குத் தெரியும், திருகோணமலை தெரியாது. கொப்பி எடுத்து ஊரின்ர பேரை எழுதித் தரச்சொன்னார், எழுதிக் குடுத்தன்.

வெளியில வர எங்கட குறூப் லீடர் பிடிச்சுக்கொண்டார், சொன்னது தானே ரீச்சர் எண்டு. அவர் சொன்னதிலயும் பிழையில்ல. ஆனா பாருங்கோ, ஜப்பான்காரன் போட்ட குண்டை ஜப்பான்காரனுக்கு முன்னால சொல்ல எனக்குப் பயமே வரேல்ல, 83 ஐ எங்கட ஆக்களுக்கு முன்னால சொல்லத்தான் தொண்டை அடைச்சது. லீடருக்கு அது விளங்கியிருக்காது, நானும் விளங்கப்படுத்தேல்ல.

இரவு குருநாகல் மிஸ் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்து கட்டிலில இருந்தா. "ஜே.ஆர் கதைக்கு ரீச்சர்ட முகம் மாறினது. ஏன்?"

சொன்னன். எனக்கு அப்ப ஒன்பது வயசு. அப்பான்ர கடை எரிஞ்சு ரெண்டு நாளைக்குப் பிறகு தான் அந்தப் பக்கம் போகலாமா இருந்தது. அப்பா போய் சாம்பலைக் கிளறி, தராசில வைக்கிற ஒரு றாத்தல் படி ஒண்டை மட்டும் சாரத்தில சுத்திக்கொண்டு வந்தவர். கரி பிடிச்ச இரும்பு. அம்மா எத்தினை தரம் புளி போட்டுத் தேய்ச்சும் போகேல்ல. இப்பவும் எங்கட குசினியில ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில இருக்குது, நான் இஞ்சி இடிக்கிறதும் அதால தான்.

மிஸ் கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல. அவ பிறந்ததே 85 இல. வீட்டில ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைச்சதில்லயாம், சான்பிரான்சிஸ்கோ பேச்சைப் பள்ளிக்கூடத்தில படிச்சவவாம். பிறகு, டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளோட உங்கட ஊர்ப்பக்கம் நிலாவெளிக்கு வருவன், வந்தா அந்தப் படியைக் காட்டுவீங்களா எண்டு கேட்டா.

வாங்கோ எண்டன். இந்த டிசம்பர் வரேல்ல, மகனுக்கு சோதினையாம். அடுத்த லீவுக்குப் பாப்பம்.