லிஸ்பனிலும் சாவி சாவிதான்

லிஸ்பன் பயணத்துக்கு முன் போர்த்துகீசியத்தில் நான்கு சொற்களாவது பழகிவிட வேண்டும் என்று, சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பேருந்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒவ்வொரு தொடராக முணுமுணுத்துக்கொண்டே போனேன். காலை வணக்கத்துக்கான ‘போம் தியா’ எளிதில் படிந்துவிட்டது. நன்றியில்தான் தடுமாறினேன்: சொல்பவர் ஆணானால் ‘ஒப்ரிகாது’, பெண்ணானால் ‘ஒப்ரிகாதா’, நானோ தமிழ்ப் பழக்கத்தில், கேட்பவரை நினைத்தே விகுதியை மாற்றிக்கொண்டிருந்தேன். விடுதியில் கேட்க வேண்டிய ‘ஷாவ்’ நம் சாவியேதான். ‘ஜனேலா’ ஜன்னல், ‘மேசா’ மேசை. 1554ஆம் ஆண்டிலேயே ரோமன் எழுத்துகளில் தமிழ் அச்சேறிய ஊர் லிஸ்பன் என்பதால், அவ்வளவு அந்நியமாகவும் தோன்றவில்லை. ‘இல்லை’ என்பதற்கான ‘நாவ்ங்’ மட்டும் மூக்கால் ஒலிக்க வேண்டியது. அதைக் கேட்ட பக்கத்து இருக்கைப் பாட்டி, எனக்குச் சளி என்றெண்ணி மிளகுக் கஷாயம் சொன்னார்.