நாற்றுப்பண்ணை விலைப்பட்டியலுக்கு இணையத்தில் ஒரு பக்கம் அமைத்த அனுபவம்

போச்சம்பள்ளி வட்டத்துச் சந்தூரில் என் சித்தப்பா மாங்கன்று நர்சரி நடத்துகிறார். கணக்கையும் தொலைபேசி விசாரணைகளையும் நான் கவனித்துக்கொள்கிறேன். ஆனி பிறந்துவிட்டால், ஆடி மழைக்கு நட வேண்டும் என்று கேட்பவர்களின் அழைப்பு காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். செந்தூரா என்ன விலை, பெங்களூரா இருப்பு உண்டா, இமாம்பசந்த் எத்தனை அடிக் கன்று என்ற இதே கேள்விகளுக்கு நாள் முழுவதும் பதில் சொல்வதற்குப் பதிலாக, நர்சரியின் இணையதளத்திலேயே ஒரு விலைப்பக்கம் வைத்துவிடலாம் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன்.

தளம் ஏற்கெனவே வேர்ட்பிரஸ் என்ற, இணையதளம் அமைக்க உதவும் மென்பொருளில் இருந்தது. அமைத்துக் கொடுத்தவர் எழுதிவைத்திருந்த குறிப்புத்தாளைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். திரையில் இருந்தது வேறாக இருந்தது. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து, பத்தி, படம், அட்டவணை ஒவ்வொன்றும் தனித்தனி பிளாக்காக, அதாவது தனித் துண்டாக, சேர்க்கப்படும் புது எடிட்டர் வந்துவிட்டது. தாளில் இருந்ததோ அதற்கு முந்தைய எடிட்டருக்கான வழி. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு நேராகச் செய்து பார்த்ததே எளிதாக இருந்தது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, எழுதப்போவது பதிவா, பக்கமா என்பது. முன்பு விலைப்பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் புதுப் பதிவாகப் போட்டிருந்தார்கள். பதிவு தேதி வரிசையில் கீழே இறங்கிவிடும். ஆனாலும் தேடுபொறியில் பழையது கிடைத்துக்கொண்டே இருக்கும். குப்பத்திலிருந்து வண்டி எடுத்து வந்த ஒருவர், இரண்டு ஆண்டுக்கு முந்தைய விலையைத் தம் கைப்பேசியில் காட்டி நின்றது எங்களுக்கும் அவருக்கும் மிகவும் சங்கடமாகிவிட்டது. மாறாத இடத்தில் இருந்து, உள்ளடக்கம் மட்டும் மாற வேண்டியதற்குப் பக்கமே பொருத்தம். ஆகவே பக்கங்கள் பகுதியில் புதிதாக ஒன்றைத் திறந்து வரைவாகச் சேமித்தேன்.

ரகங்களைப் பற்றிய குறிப்புகள் பழைய துண்டறிக்கைக்காகத் தட்டச்சு செய்த கோப்பில் இருந்தன. அது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்ததால், ஒட்டியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விரிந்தது. எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிய பிறகும் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்த ஒரு பிற்பகல் போயிற்று. படங்களில் அவ்வளவு சிரமமில்லை. கைப்பேசியில் எடுத்தவை ஒவ்வொன்றும் ஐந்து எம்பிக்கு மேல் இருந்தன. எங்கள் சர்வர் இரண்டு எம்பிக்கு மேல் ஏற்றவிடாது என்பதால் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்தேன். கன்று வாங்குபவர் தேடிப் பார்ப்பது ஒட்டுக்கட்டிய இடத்தைத்தான். வேர்க்கன்றும் ஒட்டுக்குச்சியும் கூடிய தழும்பு, அதற்கு மேல் செம்பு நிறத்தில் விரிந்த புதுத்தளிர், இரண்டும் தெரியும் படத்தையே மேலே வைத்தேன்.

எல்லாம் சரியாக இருந்ததால் வெளியிட்டேன். தலைப்பு, ‘சந்தூர் மாங்கன்று ரகங்களும் விலையும்’. பக்கத்தின் முகவரியை வேர்ட்பிரஸ் தானாகவே தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. அன்று மாலையே, விசாரித்திருந்த இருபது பேருக்கு வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்: திரையில் பாதியை அடைத்துக்கொண்டு, விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக ஒரு நீண்ட சரம் நின்றது. உலாவியின் முகவரிப் பட்டையில் அதையே தமிழில் படித்தபோது, ‘சந்தூர்-மாங்கன்று-ரகங்கள’ என்று புள்ளிகூட இல்லாமல் முடிந்திருந்தது. எல்லோரும் கேட்கும் விலை அதில் இல்லவே இல்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு தாளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் (UTF-8) சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு) பிடிக்கும். முகவரியில் ஒரு பைட்டை எழுத, ஒரு விழுக்காட்டுக் குறியும் எழுத்தோ எண்ணோ இரண்டுமாக, மூன்று இடம் வேண்டும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். ‘தூ’ நம் கண்ணுக்கு ஓரெழுத்து என்றாலும் கணினிக்குத் தகரமும் ஊகாரக் குறியுமாக இரண்டு. புள்ளியும் தனிக் குறிதான். அப்படிப் பார்த்தால் நான்கெழுத்துள்ள ‘சந்தூர்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஏழு குறிகள், 63 இடங்கள். பக்கத்தின் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். என் தலைப்பில் 22 குறிகளும் இரண்டு இடைக்கோடுகளும் சேர்ந்ததும் சரியாக 200 நிரம்பிவிட்டது, மீதி வெட்டுப்பட்டது. தமிழில் தலைப்பு வைப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது என்று கருதுகிறேன். தலைப்பு எவ்வளவு நீளமான தமிழாகவும் இருக்கலாம். முகவரியை மட்டும் வெளியிடும் முன்பே நாமே சுருக்கமாக எழுதிவிட வேண்டும்.

நான் வெளியிட்ட பின்பு மாற்றினேன். ‘சந்தூர் மாங்கன்று’ என்பதை மட்டும் ஆங்கில எழுத்தில் இட்டுச் சேமித்ததும், முன்பு அனுப்பிய இருபது இணைப்புகளும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று காட்டத் தொடங்கின. பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துப் புதியதற்கு அனுப்பிவிடும். பக்கங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. வழிமாற்றும் பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்றை நிறுவி, பழைய முகவரியைப் புதியதோடு இணைத்த பிறகே நிம்மதியாயிற்று.

மறுநாள் சித்தப்பா தம் கைப்பேசியில் தளத்தைத் திறந்துவிட்டு, “ஏம்மா, எங்கே இருக்குது அந்தப் பக்கம்? நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன்” என்றார். வெளியிட்ட பக்கம் எங்கள் தளத்தின் மெனுவில் தானாக இடம்பெறுவதில்லை. தனியே சேர்க்க வேண்டும். சேர்த்தேன். அட்டவணையையும் அவர் கைப்பேசியில்தான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன்: ரகம், வயது, உயரம், விலை என்ற நான்கு பத்திகளில் கடைசிப் பத்தி திரைக்கு வெளியே போயிருந்தது. வயதையும் உயரத்தையும் ஒரே பத்தியாக்கியதும் விலை உள்ளே வந்தது. அதற்கு மேலே, விலை எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்ற ஒரு வரியையும் சேர்த்தேன்.

ஆடி முதல் நாள் மல்கோவா விலையை மாற்றியபோது இன்னொன்று தெரிந்தது. எனக்குப் புது விலை தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பழையதே தெரிந்தது. லாகின் செய்திருப்பவருக்குப் புதிய பக்கத்தையும் மற்றவர்களுக்குச் சேமித்துவைத்த நகலையும் கேச் பிளகின் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் கேச்சை அழித்துவிட்டு, லாகின் செய்யாத வேறொரு கைப்பேசியில் திறந்து பார்க்கிறேன்.

தைக்குப் பிறகு பில் புத்தகம் தீர்ந்து, கிருஷ்ணகிரியில் புதிதாக அச்சடிக்கக் கொடுத்தோம். நர்சரியின் பெயருக்குக் கீழே, தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்திலேயே, அந்தப் பக்கத்தின் முகவரி ஒரே வரியில் அடங்கியிருக்கிறது.