அப்பாவின் மாவு மில்

போன மாதக் கடைசியில் அப்பாவின் மாவு மில்லை மூடிவிட்டோம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 37 வருடம் ஓடிய மில்.

பாக்கெட் மசாலா வந்ததுதான் காரணம் என்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் மில்லை மூடியது மரம்தான். ரப்பர் இருந்தவரை விடிகாலையில் பால் வெட்ட அத்தனை பேர் வேண்டும், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் நிறையக் குடும்பங்கள் இருந்தன. எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் லயத்தில் யார் இருப்பார்கள்? தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், அந்தத் தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அதில் எங்கள் தாத்தாவின் 10 வெள்ளியும் இருந்தது.

தீபாவளிக்கு முந்திய மூன்று வாரமும் எங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. வறுத்த மல்லியும் மிளகாயும் பிஸ்கட் டின்களில் வாசல்வரை வரிசை பிடித்து நிற்கும். மிளகாய் அரைத்த கையோடு அப்பா முறுக்கு மாவு போட மாட்டார். ஒரு பிடி பச்சரிசியை ஓட்டி, துணிக்குழாயைத் தட்டி உதறி, விழுந்த மாவை நாக்கில் வைத்துப் பார்ப்பார். காரம் தெரிந்தால் இன்னொரு பிடி. அது எங்கள் வீட்டு அரிசி, அதற்கு ஒரு காசு வாங்கியதில்லை.

மூடிய 30 நாளுக்குள் வணிகப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அதை நான் முடித்தேன். அப்பாவுக்குக் கவலையெல்லாம் வாங்காமல் விட்டுப்போன டின்களைப் பற்றித்தான். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றாக வண்டியில் வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனார். தாமான் குடியிருப்பில் மகளோடு இருக்கும் ஒரு பாட்டி டின்னைத் தடவிப் பார்த்துவிட்டு, "கூலி பாக்கி இருக்குல்ல தம்பி?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து 2 வெள்ளியை நீட்டினார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில் பாட்டியின் கணக்கை அங்கேயே கோடு போட்டு அடித்தார்.

இன்னும் நான்கு டின் இருக்கின்றன. ஒன்று நீல நிறம், மூடியில் வெள்ளைப் பெயின்டில் 'செல்வி அம்மா, 3ஆம் லயம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டு டின் என்றால் சொல்லுங்கள், அப்பா கொண்டுவந்து கொடுப்பார்.