பிழைக்காத மீனும் கிராம்பு எண்ணெயும்

வயிறு வீங்கி, செதில்கள் தூக்கிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் அன்னாசிப் பழத் தோல் போலத் தெரியும் கோல்டு பிஷ் பிழைப்பது அரிது. இந்த நிலையைத்தான் டிராப்ஸி என்கிறார்கள். இது தனி நோய் அல்ல, சிறுநீரகம் கைவிட்டதன் அடையாளம். நன்னீர் மீனின் உடம்புக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு. அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அந்த வேலை நின்றால் நீர் வயிற்றிலும் செதில்களுக்கு அடியிலும் தேங்கும். பெரும்பாலும் ஏரோமோனாஸ் வகை பாக்டீரியா இதில் சம்பந்தப்பட்டிருக்கும். அதற்கு வழிவிட்டது அநேகமாக மோசமான தண்ணீராக இருக்கும்.

தலைகீழாக மிதக்கும் மீனையும் டிராப்ஸி மீனையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மிதப்பது பல நேரம் மலச்சிக்கல்தான். இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தி, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி கொடுத்தால் பல மீன்கள் நிமிர்ந்துவிடும். வெள்ளைப் புள்ளி நோயும் அப்படியே, மருந்துக்குக் கட்டுப்படும். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் முதலில் மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நஞ்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமாக இல்லை என்றாலும் பிரச்சினை மீனிடம் இல்லை, தண்ணீரில்.

டிராப்ஸிதான் என்றாலும் மீன் இன்னும் தீனி எடுத்தால் நான்கைந்து நாள் முயன்று பார்க்கலாம். தனித் தொட்டியில் 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பேதி உப்பு எனப்படும் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மாற்றிய தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் சேர்த்தால் போதும். கல்லுப்பு இதற்கு மாற்று ஆகாது. தீனியைத் தொடாமல், அடியில் ஒருக்களித்துக் கிடந்து, வலையைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் விலகாத மீனுக்கு இதெல்லாம் நாளைக் கடத்துவதுதான். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்பது அந்த மீனுக்கு இன்னும் ஒரு நாள் வேதனை.

அப்படிப்பட்ட மீனை வேதனையில்லாமல் சாகவிட, வீட்டில் செய்யக்கூடியதில் கிராம்பு எண்ணெய்தான் என் தேர்வு. அதில் உள்ள யூஜினால் மீனுக்கு மயக்க மருந்து, அளவு கூடினால் மூச்சை நிறுத்தும். நாட்டு மருந்துக் கடையிலும் மெடிக்கலிலும் கிடைக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள்: வேறு எண்ணெய் கலந்த பல்வலித் தைலம் வேண்டாம். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், சொட்டின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

உள்ளங்கை அளவுள்ள மீனுக்குக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் அதன் தொட்டித் தண்ணீரே 2 லிட்டர் போதும். பிளாஸ்டிக்கில் வாடை ஏறினால் போகாது. காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடட்டும். மூடியுள்ள சின்ன பாட்டில் இரண்டு எடுத்து, இரண்டிலும் வெதுவெதுப்பான தண்ணீர் பாதியளவு ஊற்றுங்கள். ஒன்றில் 0.1 மில்லி எண்ணெய், மற்றதில் 1 மில்லி. மூடிக் குலுக்கினால் பால் போல வெளுக்கும். வைத்திருந்தால் பிரிந்துவிடும், அதனால் ஊற்றுவதற்குச் சற்று முன் மறுபடி குலுக்க வேண்டும்.

முதல் பாட்டிலை மூன்று நான்கு நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மீன் முதலில் சற்றுத் துள்ளலாம். பிறகு சாயும், புரளும், செவுள் அசைவு மெதுவாகும். வாலை விரலால் அழுத்திப் பாருங்கள். எந்த எதிர்வினையும் இல்லை என்றால்தான் இரண்டாவது பாட்டில், அதை முழுக்க ஊற்றலாம். இடையிடையே வாய் பிளந்து மூச்சு இழுப்பது போலத் தெரியும், அந்த நேரத்தில் மீனுக்கு நினைவு இருக்காது. செவுள் முழுதாக நின்ற பிறகும் குறைந்தது 30 நிமிடம் அதிலேயே கிடக்கட்டும்.

காரியம் கெடுவது இரண்டு இடத்தில். குலுக்காமல் எண்ணெயை நேரே ஊற்றினால் அது மேலே மிதந்து செவுளை எரிக்கும், மீன் பாத்திரத்தை விட்டுத் துள்ளும். இரண்டாவது, முதல் அளவோடு நிறுத்திவிடுவது. அது வெறும் மயக்கம். நல்ல தண்ணீர் பட்டால் மீன் விழித்துக்கொள்ளும். பைட்டர், குராமி போன்றவை மேலே வந்து காற்றையும் சுவாசிப்பதால் கூடுதல் நேரம் பிடிக்கும், அவற்றுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

இறந்ததை உறுதிசெய்ய ஒரு வழி: தண்ணீருக்குள்ளேயே மீனைப் பக்கவாட்டில் மெதுவாக உருட்டுங்கள். உயிர் இருந்தால் கருவிழி மட்டத்தைப் பிடிக்க எதிர்ப்பக்கம் திரும்பும். இல்லையென்றால் தலையோடு சேர்ந்தே உருளும்.

பிரீசரில் வைப்பது, கழிப்பறையில் ஊற்றி பிளஷ் செய்வது, தரையில் போட்டுவிடுவது மூன்றுமே கூடாது. கோல்டு பிஷ் குளிர் தாங்கும் மீன். ஆக்சிஜன் இல்லாதபோது லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றி வெளியேற்றித் தாக்குப்பிடிக்கும் திறன் அதற்கு உண்டு. மூச்சுமுட்டிச் சாக விடுவது அதற்கு மற்ற மீன்களைவிட நீண்ட சித்திரவதை. சமையல் சோடா, இனோ போடச் சொல்வார்கள், அதில் வரும் கார்பன் டை ஆக்சைடு செவுளில் எரிச்சலைத் தரும். ஐஸ் தண்ணீர் முறையை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் ஒத்துக்கொள்வது ஜீப்ரா டேனியோ போன்ற, 3.8 சென்டிமீட்டருக்கு மேற்படாத வெப்பமண்டல மீன்களுக்கு மட்டும்.

ஆஸ்கர், அரோவானா போன்ற பெரிய மீனுக்கு வாளியில் லிட்டருக்கு அதே விகிதத்தில் கணக்கிடலாம், எண்ணெய் நிறையச் செலவாகும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் விடுவதே நல்லது.

இறந்த மீனை ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஏரி, கிணறு, வாய்க்கால் வேண்டாம். பூனைக்கும் போடாதீர்கள், கிராம்பு எண்ணெய் அதற்கு நஞ்சு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை கட்டாயம்: மீன் காசநோயைத் தரும் மைக்கோபாக்டீரியா மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும். அதன் மேல் பிளீச்சிங் பவுடர் அவ்வளவாக எடுபடாது, வலையை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து வெயிலில் காயவையுங்கள். மற்ற மீன்கள் இருக்கும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றுங்கள். புது மீன் வாங்குவதை நான்கு வாரமாவது தள்ளிப் போடுங்கள், அதற்குள் இன்னொன்று வீங்கினால் தெரிந்துவிடும்.